தாய் வீட்டை மறக்காத கார்

என் அக்காவைக் கட்டினவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஆனால் நடையைப் பார்த்தால் கச்சேரியை அவருடைய பாட்டன்தான் கட்டிக் கொடுத்தார் என்று நினைக்கவேண்டும். காலையில் வெள்ளைக் காற்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, காரில் ஏறிக் குந்துவார். திறப்பைத் திருப்பி ஸ்ரார்ட்டர் குமிழை இழுப்பார். கார் உர், உர் என்று முனகும், பற்றிக்கொள்ளாது. இறங்கி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எஞ்சினை முறைத்துப் பார்ப்பார். உத்தரவு போட்டால் அது பயந்து கிளம்பும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு தாயைக் கூப்பிடுவார். தாய் வந்து பார்ப்பார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் அக்காவைப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் அறுபதுகளில் நடந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது குறைந்துபோய், புதுக் கார் என்பது வெறும் கதையாகிவிட்ட காலம். ஓடுகிற பழைய காரைக் கண்டாலே மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு வாய் ஊறும். எங்கள் ஐயா சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தவர். சீதனமெல்லாம் பேசி முடித்து எழும்புகிற நேரம், மாப்பிள்ளையின் தாய் முற்றத்தில் நின்ற காரைப் பார்த்து, "உதையும் பிள்ளையோடை விடுங்கோவன்" என்றார். வெற்றிலைத் தட்டைக் கொஞ்சம் இஞ்சாலே தள்ளுங்கோ என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். ஐயா மறுக்கத் தெரியாத மனிதர், ஓம் என்றுவிட்டார். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காரை அக்காவின் பேரில்தான் மாற்றி எழுதினார். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஓட்டப்போவது தான்தானே என்று வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இருந்தவரைக்கும் அந்தக் கார் ஒருநாளும் பிடிவாதம் பிடித்ததில்லை. ஐயா பின்சீற்றைக் கழற்றி வைத்துவிட்டு வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போவார். மார்கழி மழைக்குள்ளும் சோக்கை இழுத்து, குமிழை ஒருமுறை இழுத்தால் போதும். எனக்கு அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு என்பது அவருடைய எண்ணம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். பெற்றோல் வரவேண்டும், காற்று வரவேண்டும், நேரத்துக்கு நெருப்புப் பொறி வரவேண்டும். மூன்றும் வந்தால் கார் ஓடும். அதற்குச் சாதகம் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டவும் பழகிக்கொண்டேன். லைசென்ஸ் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவும் காரும் தொண்டைமானாற்றுக்குப் போனார்கள். அத்தானின் ஆட்கள் உண்மையில் அச்சுவேலிப் பக்கம். முருகன் கோயிலுக்குக் கிட்ட இருந்தால்தான் தனக்கு நிம்மதி என்று சொல்லி, அவருடைய தாய், அந்த மாமி, ஆற்றங்கரையில் வீடு எடுத்துக் குடும்பத்தையே அங்கே இழுத்து வந்திருந்தார். விடியப்புறம் எழும்பி, ஆற்றில் முழுகி, ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றி வருவார். வந்து வீட்டு வாசலில் நின்று, யார் இன்னும் எழும்பவில்லை என்று கணக்கெடுப்பார். முருகனுக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் அந்த மனிசியின் வாயில் ஒரு நல்ல சொல் வந்ததை நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் போலக் கார் ஒழுங்காக ஓடியது. பிறகு தொடங்கியது ஆக்கினை. காலையில் ஸ்ரார்ட் வராது. அத்தான் வியர்த்து வழிந்து பஸ்ஸுக்கு ஓடுவார். கந்தோரில் இவர் புழுகி வைத்த புழுகுக்கு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்குவதை நாலு பேர் கண்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்பெல்லாம் பின்னேரம் அக்காவின் தலையில் விடியும்.

முதலில் பற்றரி பிழை என்றார்கள். புதுப் பற்றரி போட்டார்கள். இரண்டு நாள் காலையில் உர், உர் என்று பலமாக முனகியது, மற்றும்படி ஒன்றும் இல்லை. பிறகு பிளக். பிறகு கொயில். பிறகு பெற்றோலுக்குள் தண்ணி என்று சொல்லித் தாங்கியைக் கழற்றிக் கழுவினார்கள். நெல்லியடியில் இருந்து ஒரு மெக்கானிக் வருவார். அவர் பெரிய ஆள், மத்தியானத்துக்கு முன் வரமாட்டார். அதுவரைக்கும் கொட்டிலில் இருந்து தள்ளிக்கொண்டுவந்த கார் முற்றத்து வெயிலில் நிற்கும். வந்து எதையாவது கழற்றுவார், ஊதுவார், பூட்டுவார். குமிழை இழுத்தால் கார் பற்றிக்கொள்ளும். "பாத்தியளே!" என்று சொல்லிவிட்டு மீன்குழம்போடு சோறும் சாப்பிட்டுப் போவார். அடுத்த நாள் விடியக் கார் பழையபடி பிணம்.

ஒருமுறை அந்த மெக்கானிக் பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கு வைக்கிற கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாய் ஏதோ பூத்திருந்ததாம், செப்பு முனைகளில் பச்சை பிடித்திருந்ததாம். துடைத்துப் பூட்டிவிட்டு, "கடற்காத்து ஐயா, கடற்காத்து" என்றார். அந்த ஒரு சொல் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. ரோட்டுக்கு மறுபக்கம் மீன்பிடிச் சம்மாட்டி ஒருவரின் மீன் ஏற்றுகிற வான் இரவு முழுவதும் திறந்த வெளியில் அதே கடற்காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. விடிய நாலு மணிக்கு ஒரே இழுவையில் கிளம்பிப் போயிற்று. அது யாருடைய மூளைக்கும் எட்டவில்லை.

இதைவிட வேடிக்கை, சனி ஞாயிறில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினால் திங்கள் விடியக் கார் முதல் இழுவையிலேயே ஸ்ரார்ட் வரும். ஐயாவுக்குப் பெருமை. மாமிக்கு அது போதும். "தாய் வீட்டை மறக்கேல்லை. காரும் அப்பிடி, பெட்டையும் அப்பிடி. இரண்டும் எங்கடை வளவிலை ஒண்டுக்கும் உதவாது" என்றார்.

ஒன்றுக்கும் உதவாது என்று எதைச் சொன்னார் என்று விளங்கியிருக்கும். அக்காவுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. அதற்கும் இதே மாதிரித்தான் திருத்த வேலை நடந்தது. நேர்த்தி, விரதம், நூல் கட்டு, கஷாயம். அம்மா பிடிவாதமாக நின்று ஒரு பொம்பிளை டொக்டரிடம் காட்டினார். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. புருசனை ஒருக்கால் வரச்சொல்லுங்கோ" என்றார். அத்தான் அதைக் கேட்டு எழும்பிக் குதித்த குதி! "எனக்கென்ன குறை? எங்கடை பரம்பரையிலை உப்பிடி ஒரு கதை இருக்கோ?" என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. காரில் கழற்றாத சாமான் இல்லை, அக்காவுக்குக் கட்டாத நூல் இல்லை. இவர் மட்டும் கை படாத மனிதர்.

அந்த ஆவணி மாதம் கோயில் கொடியேற்றத்துக்குக் கொழும்பில் இருந்து அத்தானின் மேலதிகாரியான பெரியவர் வருவதாக இருந்தது. பதவி உயர்வு அந்த மனிதரின் கையில். மெயில் வண்டியில் வந்து திங்கட்கிழமை காலை சுன்னாகத்தில் இறங்குவார். தன்னுடைய சொந்தக் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போவேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முந்திய கிழமை மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐயாவுக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை கார் ஸ்ரார்ட் வரேல்லையெண்டால் காரையும் பிள்ளையையும் ஒண்டாய்க் கொண்டுபோங்கோ. நாங்கள் வேறை இடம் பாக்கிறம்." வேறு இடம் ஏற்கனவே பார்த்தாயிற்று என்பது ஊருக்கே தெரியும்.

ஐயா அன்று சாப்பிடவில்லை. வாழாவெட்டியாய் ஒரு பிள்ளை வீட்டில் வந்து இருக்கிறது என்றால் அந்தக் காலத்தில் அது சும்மா கதை இல்லை. "பிள்ளை, நீ ஒருக்கால் போய்ப் பாரன். உனக்குத்தான் அதின்ரை குணம் தெரியும்" என்று என்னிடம் கேட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு நின்றேன். சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினேன். கார் ஸ்ரார்ட் வரவேண்டும், அக்கா அந்த வீட்டில் இருக்கவேண்டும்: அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. கோதாரி பிடிச்ச வீடு என்றாலும் அதுதானே அவளுடைய வீடு என்று நினைத்தேன்.

போனவுடன் கொட்டிலில் நின்ற காரின் பொனற்றைப் பார்த்தேன், திறந்து கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"எஞ்சின் ஆறவேணுமெல்லோ? இரவிலை திறந்துதான் விடுறது" என்றார் அத்தான். இங்கிலாந்துக்காரன் கார் செய்து பொனற் என்று ஒரு மூடியும் செய்து அனுப்பினது இவருக்கு வீண் செலவாகப் பட்டிருக்கிறது.

"இரவிலை காருக்கு வேறை என்ன செய்யிறனீங்கள்?"

"ஒண்டும் செய்யிறேல்லை."

"காலமை?"

"ஒண்டும் செய்யிறேல்லை எண்டுறன். ஸ்ரார்ட் பண்ணுறன், வராது. நீர் என்ன, எஞ்சினியரோ?"

மாமியிடம் கேட்டேன். ஒன்றும் செய்வதில்லை. அக்காவிடம் கேட்டேன். அவளும் யோசித்துப் பார்த்து, "ஒண்டும் செய்யிறேல்லையடி" என்றாள். அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. சரி, விடியட்டும் பார்ப்போம் என்று படுத்தேன்.

ஞாயிறு விடியக் கிணற்றடியில் நான் முகம் கழுவிக்கொண்டு நிற்க, மாமி ஆற்றில் முழுகிவிட்டு வந்தார். ஒரு கையில் செம்பு, மற்றக் கையில் வேப்பிலைக் கொத்து. நேரே கொட்டிலுக்குள் போனார். திறந்து கிடந்த பொனற்றுக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வேப்பிலையைச் செம்புக்குள் தோய்த்து எஞ்சினுக்குத் தெளித்தார். ஒருதரம் இல்லை, நல்லாய்ச் சொட்டச் சொட்டத் தெளித்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். அக்கா எழும்பி நின்று சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். அதே வேப்பிலையால் அவள் வயிற்றிலும் தெளித்தார். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு தேங்காய் துருவப் போய்விட்டாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கொட்டிலுக்குள் போய் அந்தக் கறுப்பு மூடியில் நின்ற துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல்வாயோடு கிடக்கிற ஆறு அது, வேறு என்னவாய் இருக்கும்? உப்புத் தண்ணி நிற்கிற மூடியில் பொறி தான் போகவேண்டிய இடத்துக்குப் போகுமா, தண்ணியில் இழுபட்டுத் திசைக்கொன்றாய்ப் போகுமா? மத்தியான வெயிலில் காயும், ஸ்ரார்ட் வரும். எங்கள் வீட்டில் தெளிக்க ஆள் இல்லை, ஸ்ரார்ட் வரும். இவ்வளவுதான் அந்த மாயம்.

அக்காவிடம் ஓடிப்போய், "எடியே, ஒண்டும் செய்யிறேல்லையெண்டு சொன்னியே, உதென்னடி?" என்றேன்.

"அது கும்பிடுறதெல்லே" என்றாள் அவள். "ஆரோ காரைப் பாத்து நல்ல காரெண்டு சொல்லிப்போட்டினமாம், நாவூறு பட்டிட்டுதாம். அந்த நேரம் எனக்கும் ஒண்டும் இல்லையெண்டு, இரண்டு பேருக்கும் ஒண்டாய்த் தொடங்கினவ." யாரிலும் பிழை சொல்ல முடியாது. கும்பிடுவதை ஒரு வேலை என்று யார் கணக்கில் எடுத்தார்கள்?

அத்தானிடம் சொன்னேன். மனிதர் சிவந்துபோனார். "கோயில் தண்ணியாலை கார் பழுதாகுமோ? நீர் என்ன, வேதக்காறியோ?" என்று என்னைக் கிறிஸ்தவச்சியாகவே ஆக்கிவிட்டார். நான் மூடியைக் கழற்றி, உப்பை வழித்துத் துடைத்து, அடுப்புக் கரையில் சூடு காட்டிக் கொண்டுவந்து பூட்டினேன். குமிழை இழுத்தேன். கார் முதல் இழுவையிலேயே பற்றிக்கொண்டது. காலை ஏழு மணிக்கு அந்த வளவில் அது ஓடி எத்தனை காலம்! ஐயாவின் வயிற்றில் பால் வார்த்தாயிற்று என்று நினைத்தேன்.

மாமி கொட்டில் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "முருகா! இண்டைக்குக் கொஞ்சம் கூடத் தெளிச்சனான். பாத்தியே தம்பி, உடனை கேட்டிட்டுது" என்று மகனுக்குச் சொன்னார்.

தம்பி தலையாட்டினார். என் கையில் கிடந்த உப்புத் துணி அவருடைய கண்ணில் படவில்லை. கச்சேரியில் எத்தனை பேருடைய காணி வழக்கை இந்தத் தலைதான் தீர்க்கிறதோ தெரியாது.

திங்கள் விடிய நான் முந்தி எழும்பினேன். பொனற்றை மூடி, கயிறு போட்டுக் கட்டிவிட்டுக் காவல் நின்றேன். மாமி வந்தார். முக்கியமான நாள், செம்பு போதாது என்று குடத்தோடு வந்தார். நான் விடமாட்டேன் என்று குறுக்கே நின்றேன். அவர் போட்ட கூச்சலில் அத்தான் எழும்பி வந்தார். நடந்ததைக் கண்ணால் கண்ட மனிதர், என் பக்கம் ஒரு சொல் சொல்லுவார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைத்தான் விசர் என்று சொல்லவேண்டும்.

"நீர் தள்ளி நில்லும்" என்றார். தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். தன் கையாலேயே பொனற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தாய் ஊற்றினார். பிறகு அத்தான் உடுத்தி வந்து, தலைசீவி, ஏறிக் குந்திக் குமிழை இழுத்தார். உர், உர், உர். மீண்டும் இழுத்தார். பற்றரியும் களைத்துப்போய் விட்டது. வெள்ளைக் காற்சட்டையில் வியர்வை ஊறியது. மெயில் வண்டி சுன்னாகத்துக்கு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமி அக்காவின் பக்கம் திரும்பினார். "இவள் காலடி வைச்ச நாள் தொட்டு இந்த வீட்டிலை ஒண்டும் துளிர்க்கேல்லை. கொப்பரிட்டைச் சொன்னனான்தானே, சொன்னது சொன்னதுதான். தங்கச்சியும் நிக்கிறாள். காரும் இவளும், இரண்டு மூதேவியளையும் அவள் கூட்டிக்கொண்டு வெளிக்கிடட்டும்." அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். அன்றைக்கும் தெளித்திருந்தார்கள், வயிற்றடியில் சேலை நனைந்திருந்தது. அவள் புருசனைப் பார்த்தாள். அவர் காரைவிட்டு இறங்கி நின்று கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

வந்த கோபத்தில் அந்த மூடியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன், துடைத்தேன், காய வைத்தேன், வயர்களைத் துணியால் துடைத்து மூடியைப் பூட்டி, பொனற்றைச் சாத்தினேன். பற்றரியை நம்பாமல் முன்னால் கைக்கம்பியை விட்டு எஞ்சினைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் கார் பற்றிக்கொண்டது. ஓடிப்போய் ஏறி, அணைந்துவிடாமல் காலை அழுத்திக்கொண்டு இருந்தேன்.

உடனே அத்தானின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். "சரி, சரி. இறங்கும், நேரம் போச்சு. அம்மா கோவத்திலை சொன்னது. கார் ஸ்ரார்ட் வந்திட்டுதெல்லே, பிறகென்ன? அவவும் இருக்கட்டும்" என்றார்.

ஐயா என்னை அனுப்பியது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். கிடைத்துவிட்டது. இறங்கிக் காரைக் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். நான் இறங்கத்தான் போனேன். அக்கா அதற்குள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது அவள் கையில் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த ரங்குப்பெட்டி. பின்கதவைத் திறந்து, ஐயா வெங்காய மூட்டை வைக்கிற இடத்தில் அதை வைத்தாள். முன்னால் வந்து எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

"எங்கை போறீர்?" என்று அத்தான் கத்தினார். "பெரியவர் ஸ்ரேசனிலை நிப்பார்!"

கட்டின நாள் தொடக்கம் எங்கே போகிறாய் என்று அவர் அவளைக் கேட்டது அந்த ஒருதரம்தான், அதுவும் காருக்காக. அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "என்னை இருக்கவிடுறது காரடி" என்றாள் எனக்கு. "நாளைக்கு இது நிண்டால் நானும் நிக்கேலாது. நீ காரை விடு." அந்தப் பெரியவர் சுன்னாகம் ஸ்ரேசனில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எனக்குத் தெரியாது, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

அப்போதுதான் மாமி செம்பையும் வேப்பிலையையும் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்து யன்னலுக்கு ஓடிவந்தார். பாசத்தில் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்து. "போறதெண்டால் வயித்திலை ஒருக்கால் தெளிச்சுப்போட்டுப் போ பிள்ளை. நாளைக்குக் குறை எங்களிலை எண்டு சொல்லப்படாது" என்றார்.

அவ்வளவு காலமும் சேலையை விலக்கிக்கொண்டு நின்றவள் என் அக்கா. ஒரு எதிர்ச்சொல் சொல்லிக் கேட்டதில்லை. அவள் யன்னலுக்குள் வந்த அந்தக் கையை மெதுவாகப் பிடித்து வெளியே விட்டாள்.

"உதைக் கொண்டுபோய் உங்கடை மோனுக்குத் தெளியுங்கோ, மாமி" என்றாள்.

கண்ணாடியை ஏற்றினாள். நான் கிளச்சை விட்டேன்.